மார்ஃபின் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலி தணிப்புப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்தை எழுதும் சீட்டுகளைப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் எழுதிய அதே சீட்டுகள்தான். புரியாத கையெழுத்து, விடுபட்ட தேதி இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"வலி வந்தால் மட்டும்"

இன்றும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு வரியைப் பார்த்தால்தான். புற்றுநோய் வலி பெரும்பாலும் நாள் முழுக்க இருக்கும். சாதாரண மார்ஃபின் மாத்திரையோ சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். அதை எஸ்ஓஎஸ், அதாவது தேவைப்பட்டால் மட்டும், என்று எழுதிக் கொடுத்தால் நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பார். தாங்க முடியாத கட்டத்தில் விழுங்கினால், அது பிடிக்கவே அரை மணிக்கு மேல் ஆகும்.

வாய்ப் புற்றுநோய் வந்த ஓர் அம்மாவை வீட்டில் போய்ப் பார்த்தோம். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் மாத்திரை அட்டை, முக்கால்வாசி பிரிக்காமல். "ரொம்ப முடியலன்னா மட்டும் குடுக்கச் சொன்னாங்க சார், பழக்கமாயிடும்னு பயம்" என்றார் மகன். மருந்து வீட்டிலேயே இருந்தும் வாரக்கணக்கில் வலி.

நேரம் குறித்து எழுதுங்கள்: காலை 6, 10, பகல் 2, மாலை 6 மணிக்கு 5 மி.கி.; இரவு 10 மணிக்கு 10 மி.கி. நடு இரவில் எழுப்ப வேண்டாம். முதியவர்களுக்கு இதிலும் பாதியில் தொடங்கலாம். இடையில் வலி கிளம்பினால் கொடுக்க, நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைத் தனியாக எழுதுங்கள். இங்கே 5 மி.கி. அது அடிக்கடி தேவைப்பட்டால் நேர டோஸைக் கூட்ட வேண்டும் என்று பொருள். வலிக்கேற்ற அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. இதை வீட்டாரிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள்.

மலமிளக்கி

அதே சீட்டில், முதல் நாளே எழுதுங்கள். மார்ஃபினால் வரும் குமட்டல் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது.

கிரியாட்டினின் பார்க்காமல் எழுதுவது

கிரியாட்டினின் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் பழுதானால் மார்ஃபினின் கழிவுகள் உடம்பிலேயே தேங்கும். மயக்கம், தசைத் துள்ளல், மூச்சுக் குறைவு வரும். டோஸைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது மார்ஃபின் வகையைச் சேர்ந்த இன்னொரு வலி மருந்தான ஃபெண்டனிலுக்கு மாற்றுங்கள்.

ஃபெண்டனில் பட்டை

தோலில் ஒட்டும் இந்தப் பட்டையை, ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) பழகாத உடம்பில் ஒட்டாதீர்கள். பட்டை மேல் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. மருந்து வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

கூடவே தூக்க மாத்திரை

வழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சை அமுக்கும்.

நாள்பட்ட முதுகுவலி

மார்ஃபினில் தொடங்காதீர்கள்.

"சட்டச் சிக்கல், நமக்கெதுக்கு?"

1985 போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் மார்ஃபின் வைத்துக் கொடுக்க வழி இருக்கிறது. பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள், மீதியான மாத்திரைகளை வீட்டிலிருந்து திரும்ப வாங்குங்கள்.