தடை தாண்டும் பந்தயத்தில் ‘ஈச் வே’ எப்போது கட்டலாம்?

இங்கிலாந்தின் தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களில் ஒன்றிரண்டு பவுண்டு மட்டும் கட்டுபவரா? ‘ஈச் வே’ கணக்கை முதலில் பாருங்கள். ஒரு பவுண்டு ஈச் வே என்றால் கையை விட்டுப் போவது இரண்டு பவுண்டு: குதிரையின் வெற்றிக்கு ஒன்று, அது முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு ஒன்று.

கிராண்ட் நேஷனல் மாதிரி 16 குதிரைகளோ அதற்கு மேலோ ஓடும் ஹேண்டிகேப் (திறனுக்கு ஏற்ப குதிரைகள் வெவ்வேறு எடை சுமக்கும்) பந்தயத்தில், வழக்கமாக முதல் நான்கு இடங்களுக்கு வெற்றி விலையில் கால் பங்கு தருவார்கள். விலை 20/1 என்றால், ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு 20 பவுண்டு லாபம். 20/1 குதிரை நான்காவதாக வந்தால் ஆறு பவுண்டு திரும்பும், லாபம் நான்கு. 4/1 குதிரை என்றால் போட்ட இரண்டு பவுண்டுதான் வரும். எட்டே குதிரைகள் ஓடும் பந்தயத்தில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குதான். அங்கே 4/1 குதிரை மூன்றாவதாக வந்தாலும் 20 பென்ஸ் நஷ்டம்! அதற்குப் பேசாமல் வெற்றிக்கு மட்டும் கட்டிவிடலாம்.

அப்புறம், குதிரையின் பழைய ஓட்டங்களைக் காட்டும் வரிசையில் ‘எஃப்’ என்றால் விழுந்தது, ‘யு’ என்றால் ஜாக்கி கீழே விழுந்தார், ‘பி’ என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. அண்மை ஓட்டங்களில் இரண்டு ‘எஃப்’ தெரிந்தால், விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நான் தொடுவதில்லை.