ஐபி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் திறக்கவில்லை: எங்கே பார்ப்பது?

பிரவுசரில் 192.168.1.20 என்று ஐபி முகவரியை அடித்தால் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் சாதனம்) உடனே திறக்கிறது, அதன் பெயரை அடித்தால் மட்டும் 'தளம் கிடைக்கவில்லை' என்று வந்து நிற்கிறது. உடனே ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள். சில நேரம் அதிலேயே சரியாகிவிடும், ஆனால் காரணம் தெரியாமலே போய்விடும், கொஞ்ச நாளில் மறுபடியும் அதே தொல்லை.

ஐபியில் திறக்கிறது என்றால் வைஃபை, கேபிள், ஃபயர்வால் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, பெயரைத் தேடும் இடத்தில்தான் கோளாறு. ஐபியிலும் திறக்கவில்லையா? அது வேறு பிரச்சினை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ரவுட்டருக்கு ஒரு சாதனத்தின் பெயர் எப்படித் தெரிகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதனம் நெட்வொர்க்கில் சேரும்போது டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி ஒதுக்கும் முறை) வழியாக ஐபி கேட்கிறது, கேட்கும்போதே தன் பெயரையும் சொல்கிறது. ரவுட்டர் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு யாராவது டிஎன்எஸ்ஸில் (பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்லும் முறை) கேட்டால் பதில் சொல்கிறது. பல ரவுட்டர்களில் இந்த இரண்டு வேலையையும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே மென்பொருள் பார்க்கிறது. ஆக, சாதனம் இதே ரவுட்டரிடம் ஐபி வாங்கியிருக்க வேண்டும், பெயரைச் சொல்லியிருக்க வேண்டும், உங்கள் கணினியும் இதே ரவுட்டரிடம்தான் கேட்க வேண்டும். நான் பார்த்தவரை கோளாறு அதிகம் வருவது கடைசி இடத்தில்தான்.

கணினியில் கமாண்ட் விண்டோவைத் திறந்து என்எஸ்லுக்கப் (nslookup) என்று அடித்து, இடைவெளி விட்டு, பெயரை முழுதாகக் கொடுங்கள், உதாரணமாக நாஸ்.லான், அதாவது nas.lan (ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டர் மென்பொருள்களில் .லான் என்பதுதான் இயல்பான பின்னொட்டு, உங்கள் ரவுட்டரில் வேறாக இருக்கலாம், லான் அமைப்புப் பக்கத்தில் பாருங்கள்). எல்லோரும் கீழே வரும் பிழைச் செய்தியைத்தான் படிக்கிறார்கள், நீங்கள் மேலே முதல் இரண்டு வரியைப் படியுங்கள். பதில் சொன்ன சர்வரின் முகவரி அங்கே இருக்கும். அது 192.168.1.1 போல உங்கள் ரவுட்டரின் முகவரியாக இல்லாமல் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது: உங்கள் வீட்டு நாஸைப் பற்றி வெளியே இருக்கும் பொது டிஎன்எஸ்ஸுக்கு ஒன்றுமே தெரியாது, அது 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்றுதான் சொல்லும்.

அடுத்து அதே கட்டளையின் கடைசியில் ரவுட்டரின் ஐபியையும் சேர்த்து அடியுங்கள், இப்போது கேள்வி நேராக ரவுட்டருக்கே போகும். சரியான பதில் வந்தால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம், கணினிப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

கணினிப் பக்கம் என்றால், யாரோ கையால் போட்டுவைத்த டிஎன்எஸ் முகவரி முதல் சந்தேகம். ரவுட்டரை முதலாவதாகவும் 8.8.8.8 ஐ இரண்டாவதாகவும் போட்டுவிட்டு 'முதலாவது பதில் தராவிட்டால்தான் இரண்டாவது' என்று பலர் நம்புகிறார்கள். கணினி இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரு நேரம் வேலை செய்து ஒரு நேரம் செய்யாமல் போவது இதனால்தான். இரண்டாவதை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஐபிவி6, அதாவது ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையோடு சேர்ந்து ஓடும் புதிய முறை. இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரி ஐபிவி6 வழியாகச் சத்தமில்லாமல் கணினிக்கு வந்து சேர்ந்துவிடும், ஐபிவி4 அமைப்பை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ், ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ், விபிஎன் ஆகியவையும் ரவுட்டரைத் தாண்டிப் போகக்கூடியவை. கமாண்ட் விண்டோவில் பெயரைக் கொடுத்து அடிக்கும் பிங் (ping) வேலை செய்து பிரவுசர் மட்டும் மறுத்தால் அந்தப் பிரவுசர் அமைப்பைத்தான் முதலில் பார்ப்பேன். வெறும் நாஸ் என்று மட்டும் அடித்தால் பிரவுசர் அதைத் தேடல் சொல்லாக எடுத்துக்கொள்ளும், கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால் முகவரியாக எடுத்துக்கொள்ளும்.

ரவுட்டரே தெரியாது என்று சொன்னால், ரவுட்டர் பக்கத்தில் டிஎச்சிபி லீஸ் பட்டியலை (எந்தச் சாதனத்துக்கு எந்த ஐபி கொடுத்திருக்கிறது என்ற பட்டியல்) திறந்து பாருங்கள். சாதனம் பட்டியலிலேயே இல்லையென்றால் அதில் ஐபியைக் கையால் போட்டிருக்க வாய்ப்பு அதிகம், ரவுட்டரிடம் அது பேசவே இல்லை. சாதனத்தைத் தானியங்கி முறைக்கு மாற்றிவிட்டு, ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) நிலையான ஐபியை ஒதுக்குங்கள். பட்டியலில் இருந்தும் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் சாதனத்தின் பெயரைப் பாருங்கள்: எழுத்து, எண், சிறு கோடு மட்டும்தான் இருக்கலாம், இடைவெளியும் அடிக்கோடும் வேண்டாம். இரண்டு ரவுட்டர்கள் இருந்து இரண்டும் டிஎச்சிபி கொடுத்துக்கொண்டிருந்தால், ஒன்றுக்குத் தெரிந்த பெயர் மற்றதற்குத் தெரியாது, ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

.லோக்கல் என்று முடியும் பெயர்களின் கதை வேறு. அவை எம்டிஎன்எஸ் என்ற தனி முறை வழியாக, 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல சாதனங்களுக்குப் போகும்) முகவரிக்கு 5353 போர்ட்டில் கேட்கப்படுகின்றன, பதில் சொல்வது அந்தச் சாதனமேதான். இந்தக் கேள்வி ஒரு சப்நெட்டை (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) தாண்டாது. கணினி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலோ, வைஃபை கிளையன்ட் ஐசொலேஷன் (சாதனங்கள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் அமைப்பு) ஆனில் இருந்தாலோ சாதனத்தின் காதுக்கே எட்டாது. இன்னொன்று, ரவுட்டரின் டொமைன் பெயராக லோக்கல் என்று வைக்கவே வைக்காதீர்கள், இரண்டு முறைகளும் மோதிக்கொள்ளும். வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018இல் ஆர்எஃப்சி 8375 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கிய ஹோம்.ஆர்பா (home.arpa) இருக்கிறது, தைரியமாக அதை வைக்கலாம்.

எதை மாற்றினாலும் பழைய 'இல்லை' என்ற பதிலைக் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையோடு /ஃப்ளஷ்டிஎன்எஸ் சேர்த்து (ipconfig /flushdns) அடித்துவிட்டு, சாதனத்தையும் ஒருமுறை நெட்வொர்க்கில் இருந்து துண்டித்து இணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

சில ரவுட்டர்களில், குறிப்பாக இணைய நிறுவனமே கொடுப்பவற்றில், உள்ளூர்ப் பெயருக்குப் பதில் சொல்லும் வசதியே இருக்காது. அப்போது கணினியின் ஹோஸ்ட்ஸ் (hosts) கோப்பில், அதாவது டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே கணினி பெயரைப் பார்த்துக்கொள்ளும் கோப்பில், ஐபியையும் பெயரையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள், ஆனால் ஐபியை முதலில் ரவுட்டரில் ஒதுக்கிவிட்டு எழுதுங்கள். ஃபோன்களில் அந்தக் கோப்பைச் சாதாரணமாகத் திருத்த முடியாது, அவற்றுக்கும் பெயர் வேண்டுமென்றால் பைஹோல் போன்ற ஒரு டிஎன்எஸ் சர்வரை வீட்டிலேயே ஓடவிட்டு, ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் அதன் முகவரியை மட்டும் டிஎன்எஸ்ஸாகக் கொடுக்க வேண்டும்.