பால்கனிக் கம்பியிலும் நாற்காலியிலும் மாட்ட ஒரு பாட்டில் தாங்கி

ஜிக், ஃபிக்ஸ்சர் வரைவது என் வேலை, அதாவது இயந்திரத்தில் வேலை நடக்கும்போது பொருளைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் அமைப்புகள். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் பல வருடமாக அதைத்தான் செய்கிறேன். அந்தத் தொழிலில் சேர்ந்ததும் சொல்லித் தரும் முதல் பாடம்: பொருள் எதன் மேல் உட்கார வேண்டும், எதன் மேல் சாய வேண்டும் என்று முதலில் முடிவு செய், இறுக்குவதை அப்புறம் பார். பால்கனிக் கம்பியில் தண்ணீர் பாட்டிலையோ காபி டம்ளரையோ மாட்டிவைக்கும் தாங்கிக்கும் இதே பாடம்தான். கடையில் விற்கும் தாங்கிகளில் பெரும்பாலானவை இறுக்கத்தை மட்டும் நம்பியிருக்கின்றன. நாலு நாள் வெயிலும் கை படுவதும் சேர்ந்தால் முன்பக்கம் சரிந்துவிடுகின்றன.

ஏன் சரிகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்த ஸ்டீல் பாட்டில் சுமார் 1.25 கிலோ. கைப்பிடிக் கம்பியின் நடுவிலிருந்து பாட்டிலின் நடு வரை 7 செ.மீ. இருக்கும். அப்படியானால் கம்பியைச் சுற்றித் திருகும் விசை 8.75 கிலோ-சென்டிமீட்டர். ஒன்றரை இஞ்ச் கம்பியின் ஆரம் 1.9 செ.மீ. தான். அந்தத் திருகலைக் கம்பியின் மேற்பரப்பில் உராய்வால் மட்டுமே நிறுத்த வேண்டுமென்றால் நாலரைக் கிலோவுக்கு மேல் உராய்வு வேண்டும். வழவழப்பான ஸ்டீலில் பிளாஸ்டிக் வைத்துப் பிடித்தால் அதற்கு இருபது கிலோவுக்கு மேல் இறுக்க வேண்டியிருக்கும். இடையில் சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் ரப்பர் காய்ந்து போகும், நட்டு தளரும்.

இப்போது இன்னொரு வழி. கம்பியின் மேல் ஒரு கொக்கியைப் போட்டு, அதிலிருந்து 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு கால் கீழே இறங்கி, நிற்கும் கம்பிகளின் மேல் சாயட்டும். அதே திருகலை அந்தக் கால் தாங்க வேண்டிய விசை 8.75-ஐ 30-ஆல் வகுத்தால் 300 கிராமுக்கும் குறைவு. இறுக்கமே தேவையில்லை. பாட்டில் கனக்கக் கனக்கக் கால் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொள்ளும். இந்தக் கால்தான் முழு வடிவமைப்பும். மற்றதெல்லாம் அளவும் பொருளும் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. தாங்கி எப்போதும் பால்கனியின் உட்புறம்தான் இருக்க வேண்டும். மூன்றாம் மாடியில், தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரு பாட்டில் நழுவினால் கீழே வரும்போது மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள், காய்கறி வண்டிக்காரர் நிற்கிறார். உட்புறம் இடம் இடிக்கிறது என்றால் தாங்கியே வேண்டாம், ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது

எங்கள் வீட்டில் இருப்பது 38 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருண்டைக் குழாய். உங்களுடையது 2 இஞ்ச் குழாயாக இருக்கலாம், இரும்புச் சதுரக் குழாயாகவும் இருக்கலாம். வெர்னியர் அளவுகோல் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு கிடைத்துவிடும். பிறகு நிற்கும் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கைப்பிடியின் உள்விளிம்புக்கும் நிற்கும் கம்பிக்கும் எவ்வளவு உள்வாங்கல் என்றும் பாருங்கள். இந்த இரண்டாவது அளவைப் பலர் எடுப்பதில்லை. கைப்பிடி தடிமனாகவும் நிற்கும் கம்பி மெலிதாகவும் இருப்பதால் நடுவில் ஒரு செ.மீ. அளவுக்கு வித்தியாசம் வரும். அதை நிரப்பாவிட்டால் பாட்டிலின் அடி நிற்கும் கம்பிகளின் பக்கம் போய், பாட்டில் சாய்ந்து நிற்கும்.

பாட்டிலை அளக்கும்போது அடிப்பாகத்தை மட்டும் அளந்து விடாதீர்கள், எங்கே அதிகத் தடிமனோ அங்கே அளக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில்கள் 7 முதல் 8 செ.மீ. குறுக்களவில் வரும். சாதாரணக் குளிர்பான டின் 6.6 செ.மீ. காபி டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும்.

ஒரே தாங்கியில் பாட்டிலும் டம்ளரும் வைக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது. பாட்டிலுக்கு உயரத்தில் ஒரு வளையம் வேண்டும். அதே வளையம் டம்ளரை எடுக்கப்போகும் கைக்குத் தடை. தனித்தனியாகச் செய்வதில் கூடுதல் செலவு ஒன்றும் பெரிதில்லை.

பொருள்

20 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள அலுமினியப் பட்டை முக்கால் மீட்டர். ஹார்டுவேர் கடையில் ஃபிளாட் என்று கேட்டால் தருவார்கள். வளையங்களுக்குப் பிவிசி குழாய்த் துண்டு: பாட்டிலுக்கு 90 மி.மீ., டம்ளருக்கு 75 மி.மீ. இந்த அளவுகள் குழாயின் வெளிவிட்டம் என்பதை நினைவில் வையுங்கள், உள்ளே சுமார் அரை செ.மீ. குறையும். எந்தப் பிளம்பரிடமும் துண்டுக் குழாய் கிடக்கும், விலைக்கு வாங்கத் தேவையே இல்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகை, கிழிந்த சைக்கிள் ட்யூப், 5 மி.மீ. போல்ட்டுகள் சில, தளராத நைலாக் நட்டுகள். கடலோர ஊர்க்காரர்கள் போல்ட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். உப்புக் காற்றில் சாதாரணப் போல்ட் துருப்பிடித்து, அந்தத் துரு கைப்பிடியிலும் கறையாக இறங்கும்.

அலுமினியத்துக்குப் பதில் இரும்புப் பட்டை போடலாமா என்றால் போடலாம், இன்னும் உறுதி. ஆனால் கையால் வளைப்பது கஷ்டம், பெயின்ட் அடித்தே ஆக வேண்டும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அடிக்காதீர்கள், 60 டிகிரிக்கே அது குழைந்துவிடும். வெயிலில் கிடக்கும் பால்கனியும் சூடான காபியும் அதற்கு ஆகாது. ஏஎஸ்ஏ இழை வெயிலைத் தாங்கும். கொக்கியைப் படுக்கவைத்து அடியுங்கள். நிற்கவைத்து அடித்தால் அடுக்குகள் வளைவில் பிரிந்துவிடும்.

வளைப்பது

38 மி.மீ. கைப்பிடிக்கு என் கணக்கு இது. கொக்கியின் வால் 4 செ.மீ., அரைவட்டம் 7 செ.மீ., கால் 30 செ.மீ., கடைசியில் பாட்டில் உட்காரும் பாதம் 9 செ.மீ. ஆக 50. அரைவட்டத்தை ஒன்றேகால் இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்த் துண்டின் மேல் வளைக்கலாம். அந்தக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 42 மி.மீ., அதனால் உள்ளே ட்யூப் ரப்பர் ஒட்டுவதற்கும் இடம் இருக்கும். வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் குழாயையும் பட்டையையும் சேர்த்துப் பிடித்து, சுத்தியலால் அடிக்காமல் கையால் மெதுவாக இழுத்துச் சுற்றுங்கள். கையை விட்டதும் அலுமினியம் கொஞ்சம் பின்வாங்கும், அதனால் தேவைக்குச் சற்று அதிகமாகவே வளைக்க வேண்டும். ஒரே இடத்தை முன்னும் பின்னுமாக வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தால் முறிந்துவிடும்.

பாதத்தை உங்கள் பக்கம் செங்கோணமாக மடக்க வேண்டும். மடிப்பின் உள்பக்கம் ஒரு பென்சில் தடிமனுக்காவது உருண்டையாக இருக்கட்டும். கூர்மையான மூலையில் வைத்து மடக்கினால் வெளிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் விடும். ஆறு மாதம் கழித்துத்தான் அது உடையும்.

காலின் அடியில், நிற்கும் கம்பிகளைப் பார்த்த பக்கத்தில், 15 செ.மீ. நீளமுள்ள ஒரு குறுக்குப் பட்டையைப் போல்ட் போட்டு மாட்டுங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே தாங்கியைத் தொங்கவிடும்போது இந்தப் பட்டை இரு பக்கமும் கம்பியில் படும். காலுக்கும் குறுக்குப் பட்டைக்கும் நடுவில், முன்பே அளந்துவைத்த உள்வாங்கல் அளவுக்கு ஒரு மரத்துண்டோ ரப்பர் புஷ்ஷோ வையுங்கள். கம்பியில் படும் முகத்தில் ட்யூப் ரப்பர் ஒட்டினால் சத்தமும் வராது, கீறலும் விழாது. கண்ணாடித் தடுப்பு உள்ள பால்கனி என்றால் இந்த ரப்பர் கட்டாயம்.

கொக்கியின் வாலிலும் அதற்கு நேர் எதிரே காலிலும், கைப்பிடிக்கு அடியில் வரும்படி ஒரு துளை போட்டு, குறுக்கே ஒரு போல்ட்டைச் செலுத்துங்கள். இது இறுக்குவதற்கு இல்லை. யாராவது இடித்தாலோ குழந்தை தூக்கிப் பார்த்தாலோ கொக்கி கழன்று மேலே வராமல் இருப்பதற்கு.

பாட்டில் உட்காரும் இடம்

எடையை அடிப்பாகம் தாங்க வேண்டும். வளையத்தின் வேலை சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டும். டம்ளர் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். டம்ளர் மேலே அகன்று கீழே குறுகியது. வாய் 7 செ.மீ., அடி 5 செ.மீ., உயரம் 9 செ.மீ. என்று வைத்தால் பக்கச் சாய்வு ஆறு டிகிரியை ஒட்டி வரும். இப்படிப்பட்ட குறைந்த சாய்வுள்ள ஒன்றை ரப்பர் ஒட்டிய வளையத்தில் இறக்கினால் ஆப்பு அடித்த மாதிரி சிக்கிக்கொள்ளும்.  சூடான காபியோடு அதைப் பிடுங்கி எடுக்க நேர்ந்தால் காபி மடியில்தான். ஆகவே டம்ளர் வளையத்துக்கு உள்ளே ரப்பர் வேண்டாம். சுற்றிலும் 2 மி.மீ. தளர்வு விடுங்கள், டம்ளர் அடித்தட்டில் உட்காரட்டும். வளையம் 5, 6 செ.மீ. உயரத்தில் இருந்தால் மேலே மூன்று நாலு செ.மீ. வெளியே தெரியும். விளிம்பைப் பிடித்துத்தானே நாம் டம்ளரைத் தூக்குகிறோம், அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

பாட்டிலுக்கு இரண்டு வளையம்: ஒன்று 5 செ.மீ. உயரத்தில், மற்றது 14 செ.மீ. உயரத்தில். மேல் வளையத்தை இன்னும் உயர்த்தினால் பாட்டில் உறுதியாக நிற்கும், ஆனால் வெளியே எடுக்கக் கையை அவ்வளவு உயரம் தூக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தோள் வலி இருக்கும். முழு பாட்டிலின் எடை பாதி உயரத்தில்தான் நிற்கிறது என்பதால் பாதிக்குச் சற்று மேலே இருந்தாலே போதும். 90 மி.மீ. குழாய்க்குள் பாட்டில் ஆடினால் பழைய யோகா விரிப்பை வெட்டி உள்ளே ஒட்டுங்கள்.

குழாயை ஹேக்ஸாவால் இரண்டரை செ.மீ. அகல வளையங்களாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, தட்டைத் தலை போல்ட்டால் காலில் மாட்டுங்கள். போல்ட் தலை உள்பக்கம் அமுங்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டிலைக் கீறும். வளையத்தின் ஒரு பக்கத்தைக் காலின் தட்டையான முகத்தோடு பொருந்தவைக்க, கொதிக்கும் தண்ணீரில் அந்தப் பக்கத்தைச் சிறிது நேரம் அமிழ்த்தினால் பிவிசி இளகிவிடும். ஒரு பலகையில் வைத்து அழுத்தி, பச்சைத் தண்ணீரில் காட்டினால் அப்படியே நிற்கும். நெருப்பில் காட்டாதீர்கள், கருகும் பிவிசியின் புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

காய்ப் பலகையில் 8 செ.மீ. வட்டம் வெட்டிப் பாதத்தின் மேல் மாட்டினால் அடித்தட்டு தயார். நடுவில் ஒரு துளை போட மறக்க வேண்டாம். குளிர்ந்த பாட்டிலில் வியர்க்கும் தண்ணீரும் சிந்திய காபியும் அங்கே தேங்கினால் எறும்பு வந்துவிடும்.

நாற்காலிக்கு

பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் துளை போடாதீர்கள், அங்கிருந்தே விரிசல் ஓடும். கைக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரு ஓரத்திலும் 6 மி.மீ. போல்ட், மேலே கையாலேயே திருகக்கூடிய விங் நட்டு. நடுவில் ரப்பர். இங்கேயும் கால்தான் காப்பாற்றும்: கீழ்ப் பட்டையிலிருந்து 20 செ.மீ. இறங்கி, நாற்காலியின் முன்காலில் சாயட்டும். முன்கால் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும், அதே சரிவுக்குப் பட்டையை லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். விங் நட்டு எதற்கு என்றால், விசேஷத்துக்கு நாற்காலிகளை அடுக்கும்போது ஸ்பேனர் தேடாமல் கழற்றலாம்.

சக்கர நாற்காலிக்கு நான் அதிக நேரம் செலவழித்தேன், அப்பா பகலில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறார். கழற்றி மாட்டும் கைப்பிடியிலும் கால்வைக்கும் பலகையிலும் தாங்கியைப் பொருத்தக் கூடாது, தூக்கி உட்காரவைக்கும்போது முதலில் கழற்றுவது அவற்றைத்தான். நிலையாக நிற்கும் முன்பக்கச் செங்குத்துக் குழாயில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு கிளாம்ப் போடுங்கள். ஒரே கிளாம்ப் என்றால் பாட்டில் முன்னால் தலை சாய்க்கும். இரண்டு இருந்தால் மேலே ஒன்று இழுத்துப் பிடிக்க, கீழே ஒன்று தாங்கும். கைச்சக்கரத்தின் வெளி விளிம்பைத் தாண்டித் தாங்கி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம் வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டரை அடிதான், நாற்காலியே ஒட்டி உரசித்தான் நுழைகிறது. எந்தக் கை நன்றாக வேலை செய்கிறதோ அந்தப் பக்கம் வையுங்கள். முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் தோளைத் தூக்காமலே எட்டும்.

சோதனை

பாட்டிலில் தண்ணீருக்குப் பதில் மணலை நிரப்புங்கள். எடை சுமார் ஒன்றரை மடங்கு வரும். தாங்கியை முதலில் வீட்டுக்குள், தரையோடு இருக்கும் ஏதாவது ஒரு குழாயில் மாட்டி ஓர் இரவு முழுக்க விடுங்கள். காலையில் இடுப்பால் இடித்துப் பாருங்கள், குலுக்கிப் பாருங்கள், பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கொக்கி வளைவிலும் பாதத்தின் மடிப்பிலும் விரலால் தடவி விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பால்கனிக்குக் கொண்டுபோங்கள். பிவிசி வளையத்துக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்தால் வெயிலில் வெளுத்து நொறுங்குவது தள்ளிப்போகும். மழைக்காலம் தொடங்கும் முன் வருடம் ஒருமுறை ட்யூப் ரப்பரை மாற்றி, நட்டுகளை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.