மூக்கொழுகலுக்கு நரம்பை அப்லேட் பண்ற கருவியா? டிசைனை டிப்ல இருந்து ஆரம்பிங்க

நாள்பட்ட ரைனைட்டிஸ்க்கு (மூக்குச் சவ்வு அழற்சி) நரம்பு அப்லேஷன் கருவி, அதாவது சளியைத் தூண்டற நரம்பைச் சூட்டாலயோ குளிராலயோ செயலிழக்க வெக்கற கருவி, டிசைன் பண்ணப் போறீங்கன்னா எடுத்த எடுப்புல எனர்ஜி கொடுக்கற ஜெனரேட்டர் பக்கம் போயிடாதீங்க. எத்தனை வாட், எத்தனை டிகிரிங்கற பேச்செல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். இந்த வேலைல பாதிக்கு மேல டிப், அதாவது கருவியோட நுனி, மூக்குச் சுவர்ல சரியா ஒட்டுதாங்கறதுதான், அது சரியில்லன்னா எவ்ளோ நல்ல எலெக்ட்ரானிக்ஸ் போட்டாலும் காப்பாத்தாது.

முதல்ல ஒரு சிடி ஸ்கேனைத் திறந்து வெச்சுக்கிட்டு நரம்பு எந்த வழியா வருதுன்னு பாருங்க. விடியன் நரம்பு மூக்குக்குப் பின்னால இருக்கற டெரிகோபாலட்டைன் கேங்லியானுக்கு (நரம்பு முடிச்சு) வருது, அங்கேருந்து கிளம்புற பின்மூக்கு நரம்புகள் ஸ்பீனோபாலட்டைன் துளை வழியா மூக்குக்குள்ள நுழையுது, நடு டர்பினேட்டோட (பக்கச்சுவர்ல இருந்து நீட்டிட்டு இருக்கற எலும்பு மடிப்பு) பின்முனை இருக்குல்ல, அதை ஒட்டின பக்கச்சுவர்ல. சளிச் சுரப்பிகளைத் தூண்டிவிடறது இதுல வர்ற பாராசிம்பதெடிக் (தானியங்கி நரம்பு) இழைகள்தான். 1960கள்ல கோல்டிங்-வுட்ங்கற சர்ஜன் விடியன் நரம்பையே வெட்டுற ஆபரேஷனைக் கொண்டு வந்தார், மூக்கொழுகல் குறைஞ்சுது, ஆனா கண்ணீர்ச் சுரப்பிக்குப் போற இழைகளும் அதே நரம்புலதான் வருதுங்கறதால கண்ணு வறண்டு போற தொல்லை வந்துச்சு. அதனாலதான் இப்போ எல்லாரும் கேங்லியானைத் தாண்டி, மூக்குக்குள்ள வந்த பிறகு இருக்கற கிளைகளை மட்டும் குறி வைக்கிறாங்க. உங்க ரெக்வயர்மென்ட் டாக்குமெண்ட்ல முதல் வரியே இதுவா இருக்கட்டும்.

இங்க ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, எல்லாக் கிளையும் அந்த ஒரே துளை வழியா வர்றதில்ல, பாலட்டைன் (அண்ண) எலும்புல இருக்கற பொடிப்பொடி ஓட்டைகள் வழியாவும் சில கிளைகள் வருது, ஆளுக்கு ஆள் இடம் மாறும். அதனால ஒரு புள்ளில ட்ரீட் பண்ணா பத்தாது, ஒரு பரப்பையே கவர் பண்ணணும். ரெண்டாவது, ஸ்பீனோபாலட்டைன் ரத்தக்குழாயும் அதே துளை வழியாத்தான் வெளிய வருது, அங்க ஆழமாப் போனீங்கன்னா ரத்தம் நிக்காம கொட்டும். ஆக அகலமாப் போகணும், ஆழமாப் போகக் கூடாது. முழு டிசைனும் இந்த ஒரு இழுபறிதான்.

டிப்பைக் கைப்பிடியோட சேர்க்கற தண்டு, அதான் ஷாஃப்ட், அந்த விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். அதே மூக்குத் துவாரத்துல 4 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப்பும் போகும், அதனால உங்க ஷாஃப்ட் 3 மில்லிமீட்டர் அளவுல இருந்தா நல்லது. துவாரத்துல இருந்து அந்த இடம் பெரியவங்களுக்கு சுமாரா 6, 7 செ.மீ., ஆனா கைப்பிடி கேமராவுல இடிக்கக் கூடாதுன்னா அதைவிட நல்லாவே நீளம் வேணும், கைப்பிடியை ஒரு கோணத்துல சாய்ச்சு வெக்கறதும் உதவும். டாக்டர் கையாலயே லேசா வளைச்சுக்கற மாதிரி ஸ்டீல் ட்யூப் கொடுத்தீங்கன்னா வளைஞ்ச செப்டம் (மூக்கு நடுச்சுவர்) இருக்கறவங்களுக்கும் போகும்.

இப்போ டிப். மூக்குச் சுவர் தட்டையா இருக்காது, மேடும் பள்ளமுமா ஈரமா வழுக்கலா இருக்கும். விறைப்பான தட்டை டிப்பை வெச்சா ரெண்டு மூணு இடத்துலதான் தொடும், ரேடியோஃப்ரீக்வென்சின்னா (ஹை ஃப்ரீக்வென்சி கரண்டால சூடாக்கற முறை) கரண்ட் முழுக்க அந்தத் தொடுற ஓரத்துல குவிஞ்சு அங்க கருகும், பக்கத்துலயே ஒண்ணும் ஆகாம இருக்கும். நடுவுல சளி தேங்கியிருந்தா சளியும் உப்புத் தண்ணி மாதிரி கரண்டைக் கடத்தும், அந்த பவர் திசுவுக்குப் போய்ச் சேரவே சேராது. குளிரூட்டற முறையா இருந்தா இடைவெளில இருக்கற காத்து தடுத்துடும். அதனால டிப் வளைஞ்சு கொடுக்கணும், அது பலூனா இருக்கலாம், இலை மாதிரி விரியற எலெக்ட்ரோடு வரிசையா இருக்கலாம், இல்ல மெல்லிசான பாலிமர் மேல எலெக்ட்ரோடு பதிச்சதா இருக்கலாம், எதுவானாலும் ஓரமெல்லாம் நல்லா உருட்டி விட்டிருக்கணும். செக் பண்ண ஒரு எளிமையான வழி இருக்கு. வேற வேற ஆளுங்க சிடியில இருந்து அந்தச் சுவரை சிலிகான்ல வார்த்துக்கோங்க, டிப்புல மை தடவி, எண்டோஸ்கோப்ல பார்த்துக்கிட்டே உள்ள விட்டு அழுத்தி எடுங்க, அப்புறம் சிலிகான்ல பதிஞ்ச அச்சைப் பாருங்க. அச்சு முழுசா விழுந்தா சரி, திட்டுத்திட்டா விழுந்தா எந்த சிமுலேஷனையும் நம்பாம டிப்பை மாத்துங்க.

அடுத்தது எனர்ஜி. குளிர் முறைல திரவ நைட்ரஸ் ஆக்சைடு ஆவியாகற குளிரைப் பயன்படுத்தறாங்க, அது கொதிக்கறதே மைனஸ் 88 டிகிரி கிட்ட. நரம்பு மைனஸ் 20க்கு கீழ போனா ஆக்ஸான் (நரம்போட உள் இழை) அழியும், ஆனா சுத்தி இருக்கற உறை பெரும்பாலும் தப்பிச்சுடும், அதனால நரம்பு திரும்ப வளர வாய்ப்பு உண்டு. வாயு மூக்குக்குள்ள கசியாம கைப்பிடி வழியாவே வெளிய போயாகணும். உறைஞ்சு ஒட்டியிருக்கறப்போ இழுத்தா சவ்வு கிழியும், நோயாளியோ முழிச்சிருக்கார், மரத்துப் போக மட்டும்தான் மருந்து கொடுத்திருக்கு, தும்மினா என்ன ஆகும்னு யோசிச்சு வையுங்க. ரேடியோஃப்ரீக்வென்சில பெடல்ல இருந்து காலை எடுத்ததும் நின்னுடும், எனக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே அதுதான் பிடிக்கும்.

ரேடியோஃப்ரீக்வென்சில டார்கெட் சுமாரா 60 டிகிரி, புரோட்டீன் உறைய அது போதும், 100ஐத் தொட்டா திசுவுக்குள்ளயே ஆவி கிளம்பும், கருகும். ஆழத்தைப் பெரும்பாலும் முடிவு பண்றது பைபோலார் எலெக்ட்ரோடுகளுக்கு (ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு கரண்ட் போற ஜோடி) நடுவுல இருக்கற இடைவெளி, நெருக்கமா வெச்சா மேலோட்டமா நிக்கும், தள்ளி வெச்சா உள்ள இறங்கும். சூட்டை அளக்கற தெர்மோகப்பிளை டிப்புலயே வையுங்க, ஆனா அது காட்டறது மேற்பரப்பு சூடுதான், உச்ச சூடு கொஞ்சம் உள்ள இருக்கலாம். அதனால இம்பிடென்ஸையும் (கரண்டுக்குத் திசு காட்டற எதிர்ப்பு) கூடவே பாருங்க, சூடாக ஆரம்பிச்சதும் இறங்கும், திசு காய ஆரம்பிச்சா சட்டுனு ஏறும், அந்த ஏத்தத்துல தானா கட் ஆகற மாதிரி வெச்சுடுங்க.

டெஸ்டிங்குக்கு முதல்ல முட்டை வெள்ளைக்கரு போதும், வெள்ளையா உறையற வடிவத்தைக் கண்ணாலயே பார்க்கலாம். அப்புறம் 37 டிகிரில வெச்ச கோழிக்கறி, அதுக்கப்புறம் கடாவர் (இறந்தவர் உடல்). ஆனா இது எதுலயும் ரத்த ஓட்டம் கிடையாது, உயிருள்ள திசுல ரத்தம் சூட்டை அள்ளிட்டுப் போயிடும், பெஞ்சுல வந்த ஆழத்தை அப்படியே எழுதிடாதீங்க. கடாவர்ல எலும்புக்கு அந்தப் பக்கமும் ஒரு தெர்மோகப்பிள் வையுங்க, அங்கதான் அண்ணத்துக்குப் போற நரம்பு இருக்கு, அது அடி வாங்கினா மேல்வாய் மரத்துப் போகும்.

ரிஸ்க் ஃபைலை ஐஎஸ்ஓ 14971 ஸ்டாண்டர்ட் படி முதல் நாள்லயே தொடங்குங்க, ஹை ஃப்ரீக்வென்சி பாதுகாப்புக்கு ஐஇசி 60601-2-2, உடம்புல படற மெட்டீரியலுக்கு ஐஎஸ்ஓ 10993. ஏற்கனவே மார்க்கெட்டுக்கு வந்த கிளாரிஃபிக்ஸ், ரைன்ஏர், நியூரோமார்க் மூணு கருவிக்கும் அனுமதி கேட்டு அமெரிக்க எஃப்டிஏ கிட்ட கொடுத்த 510(கே) விண்ணப்பச் சுருக்கங்கள் பொதுவுல கிடைக்குது, எந்த டெஸ்டெல்லாம் கேட்பாங்கன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

கிளினிக்கல் ட்ரையலுக்குப் போறப்போ ஒழுகல், அடைப்பு, தும்மல், அரிப்பு நாலுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போட்டு மொத்தம் 12க்கு கணக்குப் பண்ணுவாங்க. எல்லாமே நோயாளி சொல்றதுதான், பிளாசிபோவுக்கே (போலி சிகிச்சை) மார்க் நல்லா இறங்கும். அதனால அதே எடை, அதே சத்தம், அதே நேரம், எனர்ஜி மட்டும் வராத ஒரு டம்மி கருவியையும் நிஜக் கருவியோடவே சேர்த்து டிசைன் பண்ணிடுங்க, கைப்பிடி மோல்ட் போட்டு முடிச்ச பிறகு அதைச் செய்ய உட்கார்ந்தா செலவு ரெண்டு மடங்காயிடும்.