எதிராளி கையில் என்னென்ன இருக்கலாம்: ரேஞ்ச் கட்டிப் பார்ப்பது எப்படி

போக்கரில் எதிராளி மூடி வைத்திருக்கும் இரண்டு சீட்டைத்தான் 'கை' என்கிறோம். "அவனிடம் ஏஸ்-கிங்தான் இருக்கு" என்று ஒரே கையை ஊகிப்பதை முதலில் விடுங்கள். இந்த இடத்தில், இவ்வளவு சிப்ஸோடு, எந்தெந்தச் சீட்டுக்கெல்லாம் இவர் இப்படி ஆடுவார்? அந்த மொத்தத் தொகுப்புதான் ரேஞ்ச்.

வேளச்சேரியில் ஞாயிறு மாலை நாங்கள் ஆடும் டோர்னமென்டில் காசு கிடையாது, சிப்ஸ் மட்டும்தான். (ஆன்லைனில் காசு கட்டி ஆடுவதை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது.) முக்கியமான கைகளைக் குறித்துவைத்து, மறுநாள் எக்விலேப் என்ற ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் மென்பொருளில் போட்டுப் பார்ப்பேன். இலவசம்தான், ஆரம்பிக்க இது போதும்.

அதில் 13-க்கு 13 கட்டம் வரும். மூலைவிட்டத்தில் ஜோடிகள், ஒரு பக்கம் சூட்டட் (இரண்டும் ஒரே இனச் சீட்டு), மறுபக்கம் ஆஃப்சூட் (வெவ்வேறு இனம்). கட்டங்கள் 169 என்றாலும் எல்லாம் ஒரே எடை இல்லை. ஒரு ஜோடி 6 விதமாக வரும், சூட்டட் கை 4, ஆஃப்சூட் 12. கூட்டினால் 1,326. ஆஃப்சூட் கட்டத்தைத் தாராளமாக அமுக்கினால் ரேஞ்ச் சட்டென்று வீங்கிவிடும்.

சரி, ஒரு கை. நான் பிக் பிளைண்டில் (சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாகக் கட்டும் இடம்; ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி), கையில் ஏஸ்-8 ஆஃப்சூட். பட்டனில் (டீலர் இடத்தில்) இருப்பவர் தன் 12 பிக் பிளைண்டையும் ஆல்-இன் தள்ளுகிறார், அதாவது எல்லா சிப்ஸையும் வைக்கிறார். ஸ்மால் பிளைண்ட் சீட்டைக் கைவிட்டுவிட்டார். ஆன்டி (ஆட்டத்துக்கு முன்பே நடுவில் வைக்கும் கட்டாயத் தொகை) 1 பிளைண்ட். நடுவில் 14.5 பிளைண்ட் கிடக்கிறது (அவருடைய 12, என் 1, ஸ்மால் பிளைண்டின் 0.5, ஆன்டி 1), நான் இன்னும் 11 போட வேண்டும். 11-ஐ மொத்தம் 25.5-ஆல் (14.5 + 11) வகுத்தால் 43 சதவீதம். அந்த அளவு ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் கால் (அவர் வைத்ததற்கு ஈடாக வைப்பது).

தள்ளியது தாம்பரத்திலிருந்து வரும் கல்லூரிப் பையன் என்றால், எந்த ஜோடியும், எந்த ஏஸும், கிங்-10 முதல் மேலேயும் அவன் ரேஞ்சில் கொடுப்பேன். 318 விதம், 24 சதவீதம். என் வாய்ப்பு 45-ஐத் தாண்டும், கால். அதே இடத்தில் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அண்ணன் என்றால் 5-5 முதல் மேலே உள்ள ஜோடி, ஏஸ்-9 முதல் மேலே, கிங்-குயின். 156 விதம், 12 சதவீதம்கூட இல்லை. இப்போது என் வாய்ப்பு 35-க்கும் கீழே. அதே சீட்டை யோசிக்காமல் கைவிட வேண்டும்.

பாருங்கள், மென்பொருள் நாம் கொடுத்த ரேஞ்சுக்குத்தான் கணக்குப் போடுகிறது. தப்பாகக் கொடுத்தால் தப்பான விடையைத் துல்லியமாகச் சொல்லும். அதனால் எனக்கு ஷோடவுன்தான் (கடைசியில் சீட்டைத் திறந்து காட்டுவது) தங்கம். யார், எந்த இடத்திலிருந்து, எத்தனை பிளைண்டோடு, என்ன சீட்டைக் காட்டினார் என்று நாலும் எழுதுவேன். அந்தப் பையன் ஒருமுறை ஏஸ்-3 காட்டியதால்தான் அவனுக்கு எல்லா ஏஸும் சேர்த்தேன். அண்ணன் எத்தனையோ தடவை கிங்-ஜாக்கைக் கைவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார், அதனால் அது ரேஞ்சுக்கு வெளியே.

நம் கையில் உள்ள சீட்டையும் கழிக்க மறக்காதீர்கள். நம்மிடம் ஒரு ஏஸ் இருந்தால் அவரிடம் ஏஸ்-ஏஸ் 6-லிருந்து 3 ஆகிறது, ஏஸ்-கிங் 16-லிருந்து 12. எக்விலேப் தானே கழித்துக்கொள்ளும், மேஜையில் நாம்தான் கழிக்க வேண்டும்.

ஃப்ளாப்புக்கு (மேஜையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) அப்புறம் ரேஞ்ச் சுருங்க மட்டும்தான் செய்யும். ஃப்ளாப்பில் ரேஞ்சிலிருந்து எடுத்துவிட்ட கையை ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) திரும்பச் சேர்க்காதீர்கள்.

பரிசு உள்ள டோர்னமென்டில் பரிசு வரிசைக்கு அருகே வந்துவிட்டால் அந்த 43 போதாது. இழக்கும் சிப்ஸின் மதிப்பு ஜெயிக்கும் சிப்ஸைவிட அதிகம், அதற்கு ஐ.சி.எம். (சிப்ஸைப் பரிசு மதிப்பாக மாற்றும் முறை) கணக்குப் போடும் மென்பொருள் தனியாக வேண்டும். எதுவானாலும் ஆட்டம் முடிந்த பிறகுதான். நடுவில் திறந்து பார்ப்பது ஏமாற்று வேலை, எங்கள் மேஜையில் போனைக்கூடக் கவிழ்த்துத்தான் வைப்போம்.