அப்பச்சியின் பீரோவுக்கு ஓர் இணையப் பட்டியல்

செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாம் கட்டு மரப்பீரோவுக்குள் அடுக்கிக் கிடக்கும் பழைய நூல்களைப் பட்டியலிட விரும்புவோர், 2005இல் தொடங்கப்பட்ட லைப்ரரிதிங் தளத்தைப் பயன்படுத்தலாம். புதிய நூல்களுக்குப் பின்னட்டையின் பட்டைக்கோட்டைக் கைபேசியில் காட்டினாலே பெரும்பாலும் விவரம் வந்துவிடும். ஆனால், நூல்களுக்குத் தரப்படும் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் 1970இல்தான் உலகத் தரமாயிற்று என்பதால், அப்பச்சி காலத்துப் பதிப்புகளுக்கு அந்த எண்ணே இராது. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றை முதல் பக்கத்தைப் பார்த்து நாமே உள்ளிட வேண்டும்.

தலைப்பை எப்போதும் தமிழ் எழுத்திலேயே இடுங்கள். நான் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தில் இட்டு, பிறகு தேடும்போது எழுத்துக்கூட்டல் பொருந்தாமல், வீட்டிலிருந்த நூலையே காரைக்குடியில் மறுபடியும் வாங்கிவந்தேன். ‘மேல்தட்டு’, ‘செல்லரித்தது’, ‘இரவல் போனது’ போன்ற குறிச்சொற்களையும் சேர்த்துவிட்டால் (கடைசிச் சொல்லுக்குத்தான் எங்கள் வீட்டில் வேலை அதிகம்) தேடுவது எளிது.

புதிதாக என்ன வாசிக்கலாம் என்று அறிய வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளம் ஏற்றது. அங்கே நட்சத்திர எண்ணிக்கையைவிட, நம் ரசனைக்கு ஒத்துவரும் நாலைந்து பேரின் அடுக்குகளை (நூல் பட்டியல்களை) பின்தொடர்வதே பயன் தரும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த பழைய நூல்கள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அவ்வூர்ப் பக்கத்து வீடுகளில் எஞ்சியிருப்பவற்றுக்குக் குறைந்தது ஒரு பட்டியலாவது வேண்டும்.