பூட்-ஷோமோன் பூங்காவில் பலரும் செய்யும் தவறுகள்

கை உடைந்தால் போடும் மாவுக்கட்டின் மாவுக்கு 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்று பெயர் வரக் காரணம், பாரிஸ் மண்ணுக்கு அடியில் கிடந்த ஜிப்சம். அதை வெட்டியெடுத்த குன்றுகளில் ஒன்றுதான் நகரின் 19-வது வட்டாரத்தில் இருக்கும் பூட்-ஷோமோன் பூங்கா. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இது ரொம்பத் தூரமில்லை. கட்டாயம் போக வேண்டிய இடம்.

பெரிய தவறு, அங்குள்ள செங்குத்துப் பாறையை இயற்கை என்று நம்பிவிடுவது. குவாரி மூடிய பிறகு புல்கூட முளைக்காத மொட்டை மேடாகக் கிடந்த இடம் இது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பொறியாளர் அல்ஃபான் தலைமையில் 1864-ல் வேலை தொடங்கியது. வெடிவைத்துப் பாறையைச் செதுக்கி, மண் கொட்டி, ஏரி வெட்டி, 1867 உலகக் கண்காட்சியின்போது திறந்தார்கள். படியோரக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். மரப்பட்டை, கணு, வெட்டுப்பட்ட கிளை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் கை வைத்தால் சில்லென்று சிமென்ட்!

அடுத்தது, இறங்கும் மெட்ரோ நிலையம். முட்டிவலி உள்ளவர்கள் லோமியேரில் இறங்கினால் கீழிருந்து ஏற வேண்டும். பொட்ஸாரிஸ் நிலையம் மேட்டுப்பக்கம் இருக்கிறது. அங்கே இறங்குங்கள்.

தடுப்பு போட்ட பாதையைத் தாண்டிப் போகாதீர்கள். ஜிப்சம் தண்ணீரில் கரையும் கல். சரிவுகள் நிலையில்லாமல் போகும் என்பதால்தான் சில இடங்களை அவ்வப்போது அடைக்கிறார்கள்.

ஏரி நடுவே பாறை உச்சியில் இருக்கும் சிபில் மண்டபத்திலிருந்து எதிரே மோன்மார்த்ர் குன்றும் வெள்ளை சாக்ரே-கேர் தேவாலயமும் தெரியும். அந்தக் குன்றிலும் ஜிப்சம் வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். அப்புறம் கீழே இறங்கிக் குகைக்குப் போங்கள். உள்ளே அருவி கொட்டும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்த அருவிக்குத் தண்ணீர் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள், கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் செய்து வைத்தவைதான். குகை மட்டும் பழைய குவாரியின் மிச்சம்.